ஒட்டும் கடிதமும்

அறபு மொழியில் 'ருக்ஆ' என்று ஒரு சொல் உண்டு. கிழிந்த உடுப்பில் வைத்துத் தைக்கும் ஒட்டுத்துண்டுக்கு அது பெயர். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியனுப்பும் சிறு கடிதத்துக்கும் அதுவே பெயர். உருது பேசுவோர் இன்றைக்கும் சிறு கடிதத்தை 'ருக்கா' என்கின்றனர். அதே வேரிலிருந்து வந்ததுதான் 'முரக்கஃ'. ஒட்டுப் போடப்பட்டது என்று பொருள். பாரசீகத்திலும் முகலாய அரண்மனைகளிலும் பலருடைய எழுத்தணிகளையும் சித்திரங்களையும் வெட்டி, ஓரம் கட்டி, பக்கம் பக்கமாக ஒட்டித் தொகுத்த ஏடுகளை முரக்கஃ என்றே அழைத்தார்கள். ஜஹாங்கீர் மன்னருக்காகத் தொகுக்கப்பட்ட குல்ஷன் முரக்கஃவின் பெரும்பகுதி இன்று தெஹ்ரானில் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. சூபிகள் அணிந்த ஒட்டங்கிக்கும் இந்த வேரிலேயே பெயர் அமைந்தது.

ஒட்டும் கடிதமும் ஒரே சொல்லுக்குள் வந்தது ஏன்? இரண்டும் துண்டுகள். துண்டு தனியே கிடந்தால் குப்பை. இன்னொன்றோடு போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு உயிர். உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்தபோதும் ஒட்டுப்போட்ட உடுப்பு அணிந்தார்கள் என்று நம் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவிலேயே கேட்டு வளர்கிறார்கள். ஒட்டு வெட்கப்பட வேண்டிய காரியமல்ல என்பது நம் மரபுக்குள் இருக்கும் அறிவு.

இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் சேர்த்தே வாழ்ந்த ஓர் அமெரிக்கர் இருந்தார். ரே ஜோன்சன் என்று பெயர். 1927 இல் டெட்ரொயிட் நகரில் பிறந்தவர். 1945 தொடக்கம் 1948 வரை வட கரோலினாவிலிருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் ஜேர்மனியரான ஜோசப் அல்பர்ஸ். ஒரு நிறம் தன் பக்கத்திலுள்ள நிறத்தால் வேறாகத் தெரியும் என்பதை மாணவரின் கையால் செய்து காணவைத்த ஆசான் அவர். ஜோன்சன் 1949 இல் நியூயோர்க்குக்கு வந்தார். முதலில் வர்ணத்தால் தீட்டினார். பின்னர் தூரிகையை விட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். சலவைக் கடையில் சட்டைக்குள் வைத்துத் தருகிற அட்டை, சஞ்சிகையில் வந்த சினிமா நடிகரின் முகம், விளம்பரத் துண்டு ஆகியவற்றைக் கொண்டு 1950களின் நடுப்பகுதியில் சின்னச் சின்ன ஒட்டுச்சித்திரங்கள் செய்தார். 'மோட்டிகோஸ்' என்று அவற்றுக்கு ஒரு பெயரும் வைத்தார். எல்விஸ் பிரெஸ்லியின் படத்தை எடுத்து அதன்மேல் சிவப்புத் தீட்டி அவர் செய்தது, அன்டி வோர்ஹோல் எல்விஸை வரைவதற்குப் பல ஆண்டுகள் முந்தியது.

வோர்ஹோல் செல்வந்தரானார். ஜோன்சன் தன் ஒட்டுச்சித்திரங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு தெருவில் நின்று முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டினார். பிறகு தபாலில் அனுப்பத் தொடங்கினார். விற்பதற்காக அல்ல. ஒரு தாளில் கொஞ்சம் வரைந்து, கொஞ்சம் ஒட்டி, இதில் எதையாவது சேர்த்து இன்னாருக்கு அனுப்புக என்று எழுதிவிடுவார். பெற்றவர் எதையாவது சேர்ப்பார். அடுத்தவருக்கு அனுப்புவார். சில திரும்பி ஜோன்சனிடம் வந்தன. சில வரவேயில்லை. வராததும் அந்த வேலையின் ஒரு பகுதியே என்று அவர் கொண்டார்.

இப்படி உருவான தொடர்புக்கு 1962 இல் எட் பிளங்கெட் என்ற நண்பர் 'நியூயோர்க் கடிதத் தொடர்புப் பாடசாலை' என்று பெயரிட்டார். அஞ்சல்வழியாக ஓவியம் கற்பிப்பதாக விளம்பரம் செய்த பாடசாலைகளைப் பார்த்துச் செய்த கேலி அது. ஜோன்சனோ அந்த ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்தை மாற்றி, உள்ளே 'நடனம்' என்ற சொல் தெரியும்படி எழுதிவந்தார். பாடசாலை என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. பரீட்சை இல்லை, கட்டணம் இல்லை, வரவுப் பதிவு இல்லை. வீட்டுவேலை மட்டும் உண்டு. அதையும் திருத்தாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

1970 இல் நியூயோர்க்கின் விட்னி நூதனசாலை இந்தப் பாடசாலைக்கு ஒரு கண்காட்சி நடத்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அனுப்பிய தபால்கள் அங்கே வைக்கப்பட்டன. உலகின் பல பாகங்களிலும் 'தபால் கலை' என்ற பெயரில் கண்காட்சிகள் பெருகியபோது ஓர் எழுதாத சட்டம் உருவாயிற்று. தெரிவுக்குழு கிடையாது. கட்டணம் கிடையாது. வந்தது எல்லாம் வைக்கப்படும். அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பங்கெடுத்தோரின் பட்டியல் போய்ச்சேரும். முதற்பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு என்று பழகிப்போன நமது இலக்கியச் சூழலுக்கு இது புதினமாகத் தெரியலாம்.

எல்லாவற்றையும் வைத்தால் குப்பையும் சேருமே என்று கேட்கலாம். சேரும். தபால் கலையில் சேர்ந்தவற்றுள் பெரும்பகுதி தனியே எடுத்துப் பார்த்தால் சாதாரணமானதுதான். ஆனால் தனியே எடுத்துப் பார்ப்பதுதான் இங்கு பொருந்தாத அளவுகோல். ஒரு கடிதத்தின் பெறுமதி அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதில் இருக்கிறது. மூன்றாமவர் அதற்குப் புள்ளியிட முடியாது.

ஜோன்சன் 1995 ஜனவரி 13 ஆந் திகதி, தமது 67 ஆவது வயதில், லோங் ஐலண்டில் ஒரு பாலத்திலிருந்து குளிர்ந்த நீரில் குதித்து மாண்டார். அந்த முடிவையும் ஒரு கலைப்படைப்பு என்று எழுதுவோர் உண்டு. நமது மார்க்கம் அனுமதிக்காத ஒன்றை அலங்கரித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அவர் வீட்டைத் திறந்தபோது பெட்டி பெட்டியாக அடுக்கிவைக்கப்பட்ட வேலைகள் இருந்தன. வாழ்நாளெல்லாம் கடிதம் அனுப்பிய மனிதர் தனியாகவே இருந்தார் என்பது மட்டும் மனதை அறுக்கிறது.

தபால் கலை வேடிக்கையாகத் தொடங்கியது. எல்லா இடத்திலும் வேடிக்கையாகவே இருக்கவில்லை. உருகுவே நாட்டின் இராணுவ ஆட்சியைச் சாடும் வேலைகளைத் தபாலில் அனுப்பிய கவிஞர் கிளெமென்டே பாடின் 1977 இல் கைதாகி, 1979 வரை சிறையிலிருந்தார். அவருடைய நண்பர் ஜோர்ஜ் கரபாயோவும் சிறை சென்றார். ஜப்பானில் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த ஒன் கவாரா, 1968 இலிருந்து 1979 வரை நாளொன்றுக்கு இரண்டு தபாலட்டைகளில் தாம் துயிலெழுந்த நேரத்தை மட்டும் முத்திரை குத்தி அறிந்தவர்களுக்கு அனுப்பினார். 1970 தொடக்கம் நண்பர்களுக்குத் தந்திகளும் அனுப்பினார். தாம் இன்னும் உயிரோடிருப்பதை அறிவிக்கும் ஒரே வசனம்தான் அவற்றில் இருக்கும். இது எப்படிக் கலையாகும் என்று கொழும்பில் ஒருவர் கேட்கக்கூடும். ஊரடங்கும் ஹர்த்தாலும் பாதை மறிப்பும் கண்ட இந்தக் கரையோரத்தில் அதை விளக்க வேண்டியதில்லை. காலையில் பஸ்ஸில் போனவர் போய்ச் சேர்ந்தார் என்ற ஒரு வரிக்காக இரவெல்லாம் விழித்திருந்த வீடுகள் இங்கே ஏராளம்.

நமக்குப் பக்கத்திலும் இந்த வழக்கத்துக்கு உறவுகள் இருந்தன. சாந்திநிகேதனில் ஓவியம் கற்பித்த நந்தலால் போஸ் சின்ன அட்டைகளில் சித்திரம் வரைந்து மாணவருக்கும் உறவினருக்கும் தபாலில் அனுப்பிக்கொண்டேயிருந்தார். கேரளத்தின் மலப்புறத்திலிருந்து மணம்பூர் ராஜன்பாபு 1981 இல் 'இன்னு' என்ற மலையாளச் சிற்றேட்டைத் தொடங்கினார். ஓர் உள்நாட்டுக் கடிதத்தாளுக்குள் அடங்கிய இலக்கிய ஏடு அது. மடித்தால் கடிதம், விரித்தால் சஞ்சிகை. நம் நாட்டின் சிற்றேடுகளும் முத்திரையை நம்பித்தான் உயிர்வாழ்ந்தன. கிழக்கில் எழுதிய ஒருவனின் முதற் கவிதை ஆசிரியரின் கைக்குப் போனதும், அச்சாகித் திரும்பி வந்ததும் தபாற்காரரின் சைக்கிளில்தான்.

ஆனால் உண்மையான தபால் கலை நம் வீடுகளில்தான் நடந்தது என்பதே என் எண்ணம். அதற்குப் பெயர் இருக்கவில்லை.

1980களின் இறுதியில் என் உம்மா சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனார். நான் சிறுவன். மூத்தம்மாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. குர்ஆன் ஓதுவார். அறபுத்தமிழ் கிதாபுகளைக் கூட்டி வாசிப்பார். எனவே வீட்டின் எழுத்துக்காரன் நான். தாளின் தலையில் 786 போடுவேன். மூத்தம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். எழுதி முடித்ததும், "வாசி மனே, கேப்பம்" என்பார். வாசிப்பேன். கேட்டுவிட்டு இரண்டு வரியை அடிக்கச் சொல்வார். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும் வரிகள்தான் எப்போதும் அடிபடும். அடித்தால் தெரியும் என்று அதன்மேல் வேறு தாளை ஒட்டி, அதில் வேறு வரி எழுதச் செய்வார். பிறகு ராத்தா வருவாள். தாளின் பின்பக்கத்தைத் தரையில் விரித்துத் தம்பியின் காலை அதில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுவாள். செருப்பு அளவுக்காக. சட்டைத் துணியின் நிறம் தெரிய ஒரு நூலை ஒட்டுவாள். ஐந்தாறு கைகள் பட்டுத்தான் அந்த உறை மூடப்படும்.

உம்மாவுக்கு அந்தக் கால்கோடுதான் கடிதம். தம்பி எவ்வளவு வளர்ந்துவிட்டான் என்று அதில் கையை வைத்துப் பார்ப்பாராம். பல வருடங்களுக்குப் பிறகு அவரே சொன்னார்.

ஜோன்சன் 1976 இலிருந்து தம் நண்பர்களையும் கலைஞர்களையும் பக்கவாட்டில் இருத்தி, அவர்களின் முகக்கோட்டைப் பென்சிலால் எடுத்து, நூற்றுக்கணக்கில் சேர்த்தார் என்றும் அந்த நிழலுருவங்களின்மேல் தம் ஒட்டுச்சித்திரங்களைக் கட்டினார் என்றும் வாசித்தபோது, ராத்தாவின் பென்சில்தான் என் நினைவுக்கு வந்தது. அமெரிக்கரின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதனின் ஓரக்கோட்டை எடுத்துத் தபாலில் வைப்பதற்கு அருங்காட்சியகமும் சான்றிதழும் தேவையில்லை, பிரிவு இருந்தால் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அனுப்பிய கடிதத்தின் கதை இது. அனுப்பாத கடிதத்துக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்பவர் ஸரீனா ஹாஷ்மி. ஸரீனா என்றே கையொப்பமிடுவார். 1937 இல் அலிகாரில் பிறந்தார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். தந்தை அங்கே வரலாற்றுப் பேராசிரியர். 1947 இன் பிரிவினைக்குப் பின் குடும்பம் கராச்சிக்குப் பெயர்ந்தது. ஸரீனா பாங்கொக், பாரிஸ், டோக்கியோ என்று பல நகரங்களில் அச்சோவியம் பயின்று, 1970களின் நடுப்பகுதியிலிருந்து நியூயோர்க்கில் வாழ்ந்தார். மரக்கட்டையில் கோடு வெட்டி அச்சிடுவது அவரது முதன்மையான தொழில். கடைசிக் காலத்தில் காகிதத்தை வெட்டி ஒட்டும் ஒட்டுச்சித்திரங்களும் நிறையச் செய்தார். 2020 ஏப்ரலில் லண்டனில் வபாத்தானார்.

அவருடைய ராத்தா ராணி கராச்சியில் இருந்தார். அவர் தங்கைக்கு உருதுவில் கடிதங்கள் எழுதினார். பெற்றோரின் மரணம், வீட்டை விற்றது, பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியது எல்லாவற்றையும் எழுதினார். எழுதிவிட்டுத் தபாலில் சேர்க்கவில்லை. பின்னாளில் அவை ஸரீனாவின் கைக்கு வந்தன. 2004 இல் அவர் அந்தக் கையெழுத்தை உலோகத் தகட்டுக்கு மாற்றி, அதன்மேல் மரக்கட்டையில் வெட்டிய வீட்டுத் தரைப்படத்தையும் நகர வரைபடத்தையும் சேர்த்து எட்டு அச்சுகளாக வெளியிட்டார். 'வீட்டிலிருந்து வந்த கடிதங்கள்' என்பது தொகுப்பின் பெயர்.

அதை நான் அச்சுப்படமாகத்தான் பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் எழுந்தது ஒரு கேள்வி. கடிதம் அமானிதம் அல்லவா? ஒருவருக்கு எழுதியதை ஊருக்குக் காட்டலாமா? கூர்ந்து பார்த்தால் ஸரீனாவுக்கும் அந்தக் கேள்வி இருந்தது போலவே தெரிகிறது. வீட்டின் சுவர்களைக் குறிக்கும் தடித்த கறுப்புக் கோடுகள் ராணியின் வரிகளுக்கு மேலாகப் போகின்றன. சில சொற்கள் கோட்டுக்கு அடியில் மறைகின்றன. உருது தெரியாத நமக்கோ மிச்சமும் மறைவுதான். கடிதம் இருப்பது தெரிகிறது, அதை எழுதிய கை எங்கே தயங்கியது என்பது தெரிகிறது, செய்தி முழுதாகத் தெரிவதில்லை. என் மூத்தம்மா கஷ்டத்தின் மேல் ஒரு தாளை ஒட்டியதும் இதே வேலைதான். இங்கே ஒட்டு என்பது ஒரு திரை. காட்டவேண்டியதைக் காட்டி, காக்கவேண்டியதைக் காக்கிற திரை.

ஜோன்சனின் கடிதம் கைமாறக் கைமாற வளர்ந்தது. ராணியின் கடிதம் கைமாறாமல் பல காலம் கிடந்தது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: பெற்றவர் வெறும் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளர். ஜோன்சனின் பாடசாலையில் பெற்றவர் சேர்த்து அனுப்பக் கடமைப்பட்டவர். ஸரீனா தனக்கு வந்த துயரத்தை வீணாக்காமல் வடிவம் கொடுத்து ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். இதைச் சொல்ல நம்மிடம் அமானிதம் என்ற சொல் இருக்கிறது. அதைப் பணத்துக்கும் நகைக்கும் மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

ஸரீனா அந்த அச்சுகளைச் செய்த அதே 2004 இல், டிசம்பர் 26 ஆந் திகதி, கடல் நம் ஊர்களுக்குள் வந்தது. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. உயிர்களின் கணக்குக்கு முன்னால் காகிதத்தின் கணக்கைப் பேச அன்று யாருக்கும் நாவெழவில்லை. அது சரியும்கூட. எங்கள் கடிதங்கள் இருந்த ட்ரங்குப் பெட்டியும் கரையோரத்து மாமி வீட்டிலிருந்துதான் போனது. ஆனால் கடலின் கைக்கு எட்டாத வீடுகளில் இருந்தவையும் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. வீடு திருத்தும்போது எரிக்கிறோம். கறையான் தின்றதை அள்ளிக் கொட்டுகிறோம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன நம் பெண்களின் உழைப்பால் எழும்பிய வீடுகள் ஊர் நிறைய நிற்கின்றன. அவர்கள் எழுதிய ஒரு வரியாவது நம் இலக்கியத்துக்குள் வந்திருக்கிறதா? நாம் அவர்களைப் பற்றி எழுதினோம். அவர்கள் எழுதியதைத் தேடவில்லை.

அவற்றையெல்லாம் அச்சிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர் இருந்தால் அவரிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். ஆம் என்றாலும் மூத்தம்மா ஒட்டிய தாளைக் கிளப்பி அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கக் கூடாது. முதலில் எரிக்காமல் வைத்திருப்போம். உலர்ந்த பெட்டி, வேப்பிலை, பெட்டியின் மேல் யாருடையது, எந்த வருடத்தது என்று ஒரு குறிப்பு. இது போதும். நம் ஊர் நூலகங்களில் ஒரு அலுமாரி இதற்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது.

பாடசாலையில் கடிதம் எழுதுதல் இப்போதும் பாடமாக இருக்கிறது. நட்புக் கடிதம், விண்ணப்பக் கடிதம், முறைப்பாட்டுக் கடிதம் என்று பிள்ளைகள் அழகாக எழுதுகிறார்கள். முகவரியும் போடுகிறார்கள். அந்தக் கடிதம் எங்கும் போவதில்லை. புள்ளி பெற்றுக் கொப்பிக்குள் இறந்துவிடுகிறது. கைப்பேசியில் அவர்கள் அனுப்புவதோ எதுவும் சேர்க்கப்படாமல் அப்படியே அடுத்தவருக்குப் போகிறது. ஜோன்சனின் கட்டளையில் அனுப்புதல் நம்மிடம் பெருகியிருக்கிறது, சேர்த்தல் தொலைந்துபோயிருக்கிறது.

பயிற்சிக் கலாசாலையில் என்னோடு ஒரே விடுதியறையிலிருந்த தமிழ் நண்பர் ஒருவர் சில கிலோமீற்றர் தள்ளியுள்ள தமிழ்க் கிராமத்தில் கற்பிக்கிறார். 1985 ஏப்ரலில் இந்தக் கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தின்போது நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். அதற்குப் பின் வந்தவற்றை இரண்டு ஊரும் தனித்தனியே நினைவு வைத்திருக்கின்றன. எங்கள் மாணவரும் பஸ்ஸிலிருந்து ஒருவர் ஊரை ஒருவர் பார்ப்பதோடு சரி. பேசி முடிவெடுத்து, இரண்டு வகுப்புகளுக்குமிடையே தாள்களை அனுப்பத் தொடங்கினோம். கொண்டுபோய்க் கொடுக்க அரை மணித்தியாலம் போதும். ஆனாலும் முத்திரை ஒட்டித் தபாற்கந்தோரில்தான் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. காத்திருப்பதும் பாடத்தின் ஒரு பகுதி.

பிள்ளைகள் பஸ் சீட்டை ஒட்டினார்கள். தேயிலைப் பெட்டியின் மூடியை ஒட்டினார்கள். நெற்கதிரொன்றை ஒருத்தி ஒட்டினாள். அங்கிருந்து மீன் வலையின் ஒரு கண் வந்தது. கோலப்பொடி பசையில் ஒட்டி வந்தது. யாரும் சமாதானம், ஒற்றுமை என்ற சொற்களை எழுதவில்லை. எழுதச் சொல்லாததால் எழுதவில்லை.

ஒரு பையனுக்கு என்ன சேர்ப்பதென்று தெரியவில்லை. ராத்தா எங்கள் தம்பிக்குச் செய்ததைச் சொன்னேன். அவன் தன் காலைத் தாளில் வைத்துக் கோடு போட்டான். இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தத் தாள் திரும்பி வந்தபோது அவனுடைய காலுக்குள் அதைவிடச் சிறிய இன்னொரு கால் வரையப்பட்டிருந்தது. பெயர் இல்லை. பெருவிரல் மட்டும் கோட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கோடு யாருடையது என்று இப்போது சண்டை நடக்கிறது.